புகைக்கு ஒதுக்கிய மூலை

பாடாலூர்ப் பக்கம் முன்பெல்லாம் டீக்கடைத் தூணில் கயிறு ஒன்று தொங்கும். தேங்காய் நார்க் கயிறு. நுனியில் நெருப்பு நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். லாரியிலிருந்து இறங்குபவர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்துப் பற்றவைப்பார். கையை விட்டால் கயிறு திரும்பிப் போய்த் தூணில் மோதும். மோதி மோதி அந்த இடம் கருகி, விரல் நுழையும் அளவுக்குப் பள்ளமாகியிருக்கும். சிறுவனாக இருந்தபோது அதில் விரலை விட்டுப் பார்த்து, கரியை அரைக்கால் சட்டையில் துடைத்து, வீட்டில் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது கயிறு அருகிவிட்டது. லைட்டரை நூலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

அந்த மாதிரிக் கடையொன்றில் இந்த வருடம் ஒரு மாலை, விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரப் பையனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்க்காரன். கேட்டரிங் படித்துவிட்டுச் சொகுசுக் கப்பலில் வேலைக்குப் போனவன். அடுத்த பெஞ்சில் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்ததும் டீக்கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் போய் நின்றான். என்னப்பா என்றேன். "கப்பல்ல எட்டு மாசம் இதுலதான் மாமா நின்னேன். இங்க வந்துமா?" என்றான்.

அவனுக்கு வேலை கப்பலின் சூதாட்டக் கூடத்தில், மதுக் கோப்பை எடுத்துக் கொடுப்பது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அந்தக் கூடம் மூடியிருக்கும். கடலுக்குள் போனதும் திறக்கும், நள்ளிரவு தாண்டியும் நடக்கும். கூடத்தில் பாதிப் பக்கம் புகைக்கலாம், பாதிப் பக்கம் கூடாது. நடுவில் சுவர் கிடையாது, தரைவிரிப்பின் நிறம்தான் மாறும். "புகைக்கு அந்த நெறம் தெரியுமா மாமா?" என்று கேட்டான்.

சொகுசுக் கப்பல்களில் புகைபிடிப்பதை அடியோடு தடை செய்ய வேண்டுமா என்ற கேள்வி, கடலைப் பார்க்கவே நான்கு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய எங்கள் ஊரில் இப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. இது எங்கோ பணக்காரர்கள் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது முதலமைச்சரே கொடியசைத்தார். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. கப்பலில் போகிறவர்களும் நம்மவர்கள். கப்பலுக்குள் தட்டு ஏந்துகிறவர்களிலும், படுக்கை விரிக்கிறவர்களிலும், இயந்திர அறையில் வேகிறவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முழுத்தடை என்பது கடலில் யாரும் செய்து பார்க்காததல்ல. 1998-ல் கார்னிவல் கம்பெனி 'பாரடைஸ்' என்ற கப்பலை இறக்கியது. மேல்தளத்தில்கூட ஒரு சிகரெட் கூடாது. பயணிகள் முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். பிடிபட்டால் 250 டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டுச் சொந்தச் செலவில் வீடு திரும்ப வேண்டும். சொன்னபடியே இறக்கியும் விட்டார்கள். ஆறு வருடம் அந்தக் கப்பல் அப்படி ஓடியது. 2004-ல் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். புகைபிடிக்காதவர்கள் குடிப்பதும் சூதாடுவதும் குறைவு, ஆகவே கப்பலுக்குள் அவர்கள் செலவழிக்கும் பணமும் குறைவு என்பதுதான் அப்போது பேசப்பட்ட காரணம். பயணிகள் வரவில்லை என்பதல்ல, வந்தவர்கள் போதுமான அளவு செலவழிக்கவில்லை. முழுத்தடையை எதிர்ப்பவர்கள் இன்றும் பாரடைஸைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

அடுத்தது நெருப்பு. 2006 மார்ச் 23, அதிகாலை மூன்று மணிக்குமேல், கரீபியன் கடலில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் வெளிமாடம் ஒன்றில் தீப்பிடித்தது. அறைக்கு அறை வெளிமாடம் வைத்துக் கட்டிய கப்பல் அது. மாடங்களைப் பிரித்த தடுப்புகள் எரியக்கூடிய பிளாஸ்டிக், நாற்காலிகளும் அப்படித்தான். வெளிக்காற்று வேறு. தீ ஒரு மாடத்திலிருந்து அடுத்ததற்கும், கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கும் தாவியது. 79 அறைகள் பயன்படாமல் போயின. மேலும் 218 அறைகள் தீயாலும் புகையாலும் தண்ணீராலும் பாழாயின. பயணி ஒருவர் புகையில் மூச்சுத்திணறி இறந்தார். விசாரித்த பிரிட்டிஷ் கடல் விபத்து ஆய்வுத்துறை, அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தது.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு விழித்துக்கொண்டது. ஆனால் மாற்றியது மாடத்தைத்தான். எரியாத தடுப்பு வைக்க வேண்டும், எளிதில் தீப்பற்றாத நாற்காலி போட வேண்டும், இல்லையேல் தீயை உணரும் கருவியும் நீர்தெளிப்பானும் வேண்டும் என்று விதி செய்து 2008 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அவையும் மெதுவாகத்தான் நகர்ந்தன. பிரின்சஸ் கம்பெனி வெளிமாடத்தில் புகையைத் தடுத்தது 2012-ல். ராயல் கரீபியனும் கார்னிவலும் தடுத்தது 2014-ல். தீ விபத்து நடந்து எட்டு வருடம் கழித்து.

கப்பலில் தீ என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்குத் தெரியும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். திருச்சி, தஞ்சாவூர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போன எத்தனையோ பேர் டிரங்குப் பெட்டியோடு ஏறிய கப்பல் அது. அதற்குப் பிறகு அது பயணிகளை ஏற்றிச் செல்லவில்லை. வீடு பற்றிக்கொண்டால் தெருவுக்கு ஓடலாம். கப்பலுக்குத் தெரு கிடையாது.

இப்போது பல கப்பல்களில் அறைக்குள் தடை, வெளிமாடத்தில் தடை, திறந்த மேல்தளத்தில் ஓர் ஓரம் அனுமதி, சூதாட்டக் கூடத்தில் ஒரு பகுதி அனுமதி. போதாதா என்று கேட்பார்கள். மேல்தளத்து ஓரத்தையும் சூதாட்டக் கூடத்தையும் ஒரே தராசில் வைப்பதுதான் இதில் உள்ள தவறு என்று நினைக்கிறேன். ஒன்று ஆகாயம் பார்த்த இடம். மற்றது மூடிய கூடம், அதில் ஒருவன் சம்பளத்துக்காக இரவு முழுக்க நின்றாக வேண்டும்.

பிறர் விட்ட புகை கெடுக்குமா என்ற விவாதம் முடிந்து வெகுகாலமாகிறது. 1981-ல் ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா, புகைக்காத மனைவிகளில் யாருடைய கணவர்கள் அதிகம் புகைத்தார்களோ அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்ததைக் காட்டினார். சிகரெட் கம்பெனிகள் அவர்மேல் பாய்ந்தன, ஆய்வு அசையாமல் நின்றது. 2006-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை, இத்தனை வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்றும், காற்றோட்டம் ஏற்படுத்துவதால் மட்டும் புகையின் தீங்கை நீக்கிவிட முடியாது என்றும் சொல்லிவிட்டது. அறையைத் தனியாகக் கட்டினால்? 2012-ல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் ஐந்து பெரிய விமான நிலையங்களில் அளந்து பார்த்தது. புகை அறைக்குள் இருந்ததை விடுங்கள். அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் இருந்த மாசே புகை முற்றிலும் தடைசெய்யப்பட்ட நிலையங்களைப்போல் ஐந்து மடங்கு. கதவு என்றிருந்தால் திறந்துதானே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை ஒருவர் உள்ளே போகும்போதும் கொஞ்சம் புகை வெளியே வரும்.

ஆகாயத்தில் இந்தச் சண்டை முன்பே நடந்து தீர்ந்துவிட்டது. விமானத்தின் பின் வரிசைகளைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. புகை வரிசை எண் பார்க்காமல் முன்னே வந்தது. அதைத் தடுக்கப் போராடியவர்களில் முதல் வரிசை பணிப்பெண்கள். நார்மா பிரோயின் என்பவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. 32 வயதில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய். சக பணியாளர்கள் சார்பிலும் சேர்த்து 1991-ல் சிகரெட் கம்பெனிகள்மேல் மியாமியில் வழக்குப் போட்டார். 1997-ல் கம்பெனிகள் மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றுக்காக 30 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அமெரிக்காவில் தடை படிப்படியாக வந்தது: 1988-ல் இரண்டு மணி நேரத்துக்குள்ளான பயணங்கள், 1990-ல் ஏறத்தாழ எல்லா உள்நாட்டுப் பயணங்கள், 2000-ல் அந்த நாட்டுக்குப் போகும் வரும் அத்தனை விமானங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 1992-லேயே தீர்மானம் போட்டு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டிருந்தது. எந்த விமானக் கம்பெனியும் இதனால் மூழ்கவில்லை, ஏனென்றால் புகைப்பவர் மாறிப் போக வேறு விமானம் இல்லை.

பாரடைஸ் எனக்குச் சொல்வது இதைத்தான். ஒற்றைக் கப்பல் மட்டும் தடைபோட்டது. சூதாடுகிறவர், புகைக்கிறவர் எல்லாம் அடுத்த கப்பலுக்குப் போனார்கள். தோற்றது தடை அல்ல, தனியாக நின்றது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் நெடுஞ்சாலையே போதும். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடும் பஸ்கள் வழியில் ஏதாவதொரு மோட்டலில் நிற்கும். டிரைவர், கண்டக்டருக்குச் சாப்பாடு இலவசம். எந்த மோட்டலில் நிறுத்துவது என்பதில் டிரைவரின் சொல்லுக்கு எடை உண்டு. மோட்டல் நடத்தும் ஒருவரிடம், உங்கள் முகப்பில் இத்தனை பேர் நின்று ஊதுகிறார்களே, கைக்குழந்தையோடு வரும் பெண்கள் அதற்குள் புகுந்துதானே கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறது, சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தான் புகைப்பதும் இல்லை. "நான் ஒரு டிரைவரை வாய் திறந்து சொன்னேன்னு வைங்க, நாளைக்கு வண்டி அடுத்த மோட்டல்ல நிக்கும். எல்லாரும் சேர்ந்து சொன்னா நானும் சொல்றேங்க" என்றார். கார்னிவல் கம்பெனி 2004-ல் போட்ட அதே கணக்கு.

எல்லோரும் சேர்ந்து சொல்லத்தானே சட்டம். நம்மிடம் அது உண்டு. 1999-ல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைபிடிப்பதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. பிறர் விடும் புகையால் அவதிப்பட்ட பெண் ஒருவரும் அந்த வழக்கின் மனுதாரர்களில் இருந்தார். முரளி தேவரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பஸ், ரயில் எல்லாவற்றிலும் தடைவிதிக்கச் சொன்னது. 2003-ல் நாடாளுமன்றம் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேற்றியது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் பஸ் நிறுத்தம், உணவகம், பணியிடம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டன. புகைத்தால் 200 ரூபாய் அபராதம். பொது இடத்தை நடத்துபவர் சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ லைட்டரோ அங்கே வைக்கக் கூடாது. புகார் வந்தும் கண்டுகொள்ளாமல் விட்டால் அவரும் அபராதம் கட்ட வேண்டும். டீக்கடை நூலில் ஆடும் லைட்டரே ஒரு மீறல்தான்.

அதே சட்டத்தில் ஒரு பொந்தும் வைத்தார்கள். 30 அறை கொண்ட விடுதி, 30 இருக்கை கொண்ட உணவகம், விமான நிலையம் ஆகியவை புகைக்கத் தனி இடம் அமைத்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் முழு உயரச் சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, உள்காற்று வெளியே கசியாதபடி உறிஞ்சும் அமைப்பு எல்லாம் வேண்டும் என்று விதி சொல்கிறது. ஊர்ப்புறத்தில் அது ஓர் ஆஸ்பெஸ்டாஸ் சரிவும் ஒரு மரப்பலகையும் ஆகிவிடுகிறது. விதிப்படியே கட்டினாலும் கதவு திறக்கத்தான் திறக்கும். கிளாஸ் பொறுக்கும் பையன் உள்ளே போகத்தான் வேண்டும். 2020 கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவு இந்தச் சலுகையை எடுத்துவிடவும் அபராதத்தை 2000 ரூபாயாக உயர்த்தவும் யோசித்தது. அது சட்டமாகவில்லை. ஆகியிருக்க வேண்டும். 2016-17-ல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்கள் பெரியவர்களில் நூற்றுக்கு 10.7 பேர்தான். மூடிய கட்டடத்துக்குள் வேலை செய்கிறவர்களில் பிறர் புகையைச் சுவாசிக்க நேர்ந்தவர்களோ நூற்றுக்கு 30 பேர்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரியலூர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவரோடு இரவில் போயிருக்கிறேன். பத்து மணி நேரமாகக் கண் இமைக்காமல் சாலையைப் பார்க்கிற மனிதருக்குப் பீடி ஒரு துணை. அது நோயைத் தரும் துணை என்று அவருக்கும் தெரியும். நிகோடினுக்குப் பழகிய உடம்பு சில மணி நேரத்திலேயே கேட்கத் தொடங்கும்; இரண்டு மூன்று நாளில் அந்தத் தவிப்பு உச்சத்துக்குப் போகும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை நான்கு மணி நேரச் சொச்சம், அதைத் தாங்கலாம். ஏழு நாள் கப்பல் பயணம் அப்படியல்ல. முற்றிலும் அடைத்தால் ஒளிந்து புகைப்பார்கள். விமானம் இதில் பாடம் கற்றிருக்கிறது: புகையை அடியோடு தடைசெய்த பிறகும் விமானக் கழிப்பறையில் சாம்பல் கிண்ணம் கட்டாயம் இருந்தாக வேண்டும். யாராவது மீறினால் அந்தத் துண்டு காகிதக் குப்பைக்குள் போய்விடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. 1973-ல் பாரிஸ் அருகே கழிப்பறையில் தொடங்கிய தீயால் வாரிக் விமானம் ஒன்று அவசரமாகத் தரையிறங்க நேர்ந்தது; 123 பேர் இறந்தார்கள். கப்பலில் படுக்கைக்கடியில் ஒளித்துப் பற்றவைக்கும் சிகரெட்டை நினைத்தால், மேல்தளத்தில் கண்ணெதிரே பற்றவைப்பதே மேல் என்று தோன்றுகிறது.

இத்தனையையும் பார்த்த பிறகு என் முடிவு இது. கப்பலில் கூரையும் சுவரும் உள்ள எந்த இடத்திலும் புகை கூடாது, சூதாட்டக் கூடம் உட்பட. வெளிமாடத்தில் கூடாது. கருவியில் புகைக்கும் மின்சிகரெட்டும் கூடாது. அதை இந்தியா 2019-லேயே தடை செய்துவிட்டது. நான்கைந்து மணி நேரக் கப்பல்களில் எங்குமே கூடாது. பல நாள் போகும் கப்பலில் பின்பக்கம், காற்று கப்பலை விட்டு வெளியே போகும் திசையில், திறந்த தளத்தில் ஒரே ஒரு மூலை இருக்கட்டும். எரியாத தரை, தண்ணீர் நிரம்பிய கிண்ணம். அங்கே நாற்காலி வேண்டாம், மதுக்கடை வேண்டாம், எந்தப் பணியாளரையும் அங்கே நிறுத்தக் கூடாது. புகைப்பவர் போகட்டும், புகைத்துவிட்டு வரட்டும். சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் 2019 ஜனவரி முதல் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது: சாலை முழுக்கத் தடை, குறித்துக் கொடுத்த சில இடங்களில் மட்டும் அனுமதி. மதுக்கூடம் வரைக்கும் எல்லாப் பணியிடத்தையும் அடைத்த முதல் நாடு அயர்லாந்து, 2004 மார்ச் 29 அன்று. அங்கே முன்வைத்த வாதம் வாடிக்கையாளருக்காக அல்ல, அங்கே வேலை பார்க்கிறவருக்காக.

இதைக் கம்பெனிகளிடம் விட்டுப் பயனில்லை. சொகுசுக் கப்பல்களில் பல, பஹாமாஸ், பனாமா, மால்டா கொடியைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன. நடுக்கடலில் கொடிக்குரிய நாட்டுச் சட்டம்தான் செல்லும். நம்முடைய 200 ரூபாய் அபராதம் அங்கே போகாது. மாடத்துத் தடுப்புக்கு விதி எழுதிய அதே சர்வதேசக் கடல்சார் அமைப்புதான் இதற்கும் எழுத வேண்டும். எழுதினால் எந்தக் கம்பெனிக்கும் தனியாக நஷ்டம் இல்லை. பணியாளர்களுக்கான உடன்படிக்கை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2006-ல் உருவான அந்தக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை நேரத்துக்கு உச்சவரம்பாக வாரத்துக்கு 72 மணி நேரம் வரை ஒப்புக்கொள்கிறது. வாரம் 72 மணி நேரம் ஒருவன் எந்தக் காற்றை இழுக்கிறான் என்பதும் வேலை நிலைமைதானே.

டீ குடித்து முடித்த பிறகும் பையன் காற்றுக்கு எதிர்ப்பக்கமே நின்றுகொண்டிருந்தான். சாலையில் வெங்காய மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று திருச்சிப் பக்கம் திரும்பியது. அடுத்த ஒப்பந்தம் எப்போது என்று கேட்டேன். இன்னும் மூன்று வாரத்தில் போக வேண்டுமாம். சூதாட்டக் கூடம் வேண்டாம், மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறான்.

"என்ன சொன்னாங்க?"

"சீனியாரிட்டி வரட்டும்னாங்க மாமா. இன்னும் ரெண்டு ஒப்பந்தம் ஆகும்."